‘எல்லாமே முக்கியம்தாம்மா’: நோயாளிக்கு எது வேண்டும் என்று எப்படி அளப்பது?

கேள்வியைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சென்னையில் பொதுச் சுகாதாரத்தில் முதுகலை படிக்கிறீர்கள். அரசு மருத்துவமனை ஒன்றின் சுகர் ஓ.பி.யில் நோயாளிகள் எந்த மாதிரிச் சேவையை விரும்புகிறார்கள் என்று ஆய்வு செய்ய வேண்டும். உங்கள் கைடு, வழக்கமான திருப்திக் கணக்கெடுப்பு வேண்டாம், கான்ஜாயின்ட் அனாலிசிஸ் செய் என்கிறார். அது என்ன, எத்தனை பேரிடம் கேட்க வேண்டும், எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடம் தமிழில் இது எடுபடுமா என்பது உங்கள் சந்தேகம்.

எடுபடும். இந்த வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாத காசிமேட்டு மீன்காரம்மா ஒருவர் இந்த முறையில் காட்டும் எட்டு ஜோடி அட்டைகளையும் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் காரணத்தோடு பதில் சொன்னதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். தடுமாறுவது பெரும்பாலும் நாம் எழுதும் கேள்விதான். அதனால் இந்தப் பதிலில் கணக்கைவிடக் கேள்வி எழுதுவதைப் பற்றித்தான் அதிகம் பேசப் போகிறேன்.

முதலில், கைடு ஏன் அப்படிச் சொன்னார் என்று பார்ப்போம். ‘காத்திருக்கும் நேரம் உங்களுக்கு எவ்வளவு முக்கியம்?’ என்று கேட்டு ஒன்றிலிருந்து ஐந்துவரை மதிப்பெண் கேட்டால், காத்திருப்புக்கு ஐந்து வரும். டாக்டர் நன்றாகப் பேசுவதற்கு ஐந்து. மாத்திரை கிடைப்பதற்கு ஐந்து. கழிப்பறைக்கும் ஐந்து. ‘எல்லாமே முக்கியம்தாம்மா’ என்பார்கள். உண்மைதான், எல்லாம் முக்கியம்தான். ஆனால் அதை எடுத்துக்கொண்டு டீனிடம் போய், எதை முதலில் சரிசெய்யச் சொல்வீர்கள்? திருப்தியைக் கேட்டால் இன்னும் சிக்கல். ‘இங்கே கவனிப்பு எப்படி இருக்கு?’ என்றால் ‘பரவாயில்லை’ என்று பதில் வரும். நம் ஊரில் அந்தச் சொல் ‘நன்றாகவே இருக்கிறது’ என்பதிலிருந்து ‘என்ன செய்வது, பொறுத்துக்கொள்கிறேன்’ என்பதுவரை நீளும். அதற்கு மூன்று போடுவதா, நான்கு போடுவதா? போதாததற்கு, காசு வாங்காமல் வைத்தியம் பார்க்கும் இடத்தைக் குறை சொல்லப் பலருக்கு மனசே வராது.

இப்போது வாடகை வீடு தேடும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். தண்ணீர் முக்கியமா, வாடகை முக்கியமா, ஸ்டேஷன் பக்கத்தில் இருப்பது முக்கியமா என்று கேட்டால் அவரும் எல்லாம் முக்கியம் என்றுதான் சொல்வார். ஆனால் புரோக்கர் இரண்டு வீட்டைக் காட்டுகிறார். ஒன்றில் வாடகை குறைவு, ஆனால் கோடையில் லாரித் தண்ணீர்தான். இன்னொன்றில் தண்ணீர்ப் பிரச்சினை இல்லை, வாடகை 3,000 ரூபாய் அதிகம், ஸ்டேஷனுக்கு இருபது நிமிட நடை. இப்போது அவர் ஒன்றைப் பிடிக்க வேண்டுமானால் இன்னொன்றை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். எதை விடுகிறார் என்று பார்த்தால்தான் எதை எவ்வளவு மதிக்கிறார் என்று தெரியும். இப்படிப் பத்து ஜோடி வீடுகளைக் காட்டி, நூறு பேருடைய தேர்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், லாரித் தண்ணீரைத் தவிர்க்க மக்கள் மாதம் எத்தனை ரூபாய் கூடுதலாகத் தரத் தயார் என்று எண்ணாகவே சொல்லிவிடலாம்.

கான்ஜாயின்ட் அனாலிசிஸ் இதுதான். ஒரு சேவையையோ மருந்தையோ பல அம்சங்களின் சேர்க்கையாகப் பார்க்கிறோம். ஒவ்வொரு அம்சத்துக்கும் சில நிலைகள், அதாவது அது இருக்கக்கூடிய அளவுகள் அல்லது வகைகள், வைக்கிறோம். அம்சங்களைத் தனித்தனியாகக் கேட்காமல் முழுச் சேர்க்கைகளை அட்டைகளில் எழுதிக் காட்டித் தேர்ந்தெடுக்கச் சொல்கிறோம். அப்புறம் அந்தத் தேர்வுகளிலிருந்து ஒவ்வொரு நிலைக்கும் உரிய மதிப்பைப் பின்னோக்கிக் கணக்கிடுகிறோம். மருத்துவத்தில் இப்போது அதிகம் நடப்பது, ஜோடியாகக் காட்டி ஒன்றை எடுக்கச் சொல்லும் வகை. அதற்கு டிஸ்க்ரீட் சாய்ஸ் எக்ஸ்பெரிமென்ட், சுருக்கமாக டி.சி.இ., என்று பெயர். கட்டுரைகளைத் தேடும்போது இரண்டு பெயரிலும் தேடுங்கள்.

வரலாறு தீசிஸின் முதல் அத்தியாயத்துக்கு வேண்டியிருக்கும், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1964-இல் டங்கன் லூஸ், ஜான் டூக்கி இருவரும் இதன் கணித அடிப்படையை எழுதினார்கள். 1971-இல் பால் கிரீனும் விட்டலா ராவும் அதைச் சந்தை ஆய்வுக்குக் கொண்டுவந்தார்கள். இன்னொரு கிளை பொருளாதாரத்திலிருந்து வந்தது. பொருளை அதன் குணங்களின் தொகுப்பாகப் பார்க்க வேண்டும் என்று 1966-இல் கெல்வின் லங்காஸ்டர் சொன்னார். தேர்வுகளிலிருந்து மதிப்பைக் கணிக்கும் புள்ளியியல் வழியை டேனியல் மெக்ஃபேடன் அமைத்தார். 2000-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. சான் ஃபிரான்சிஸ்கோ பகுதியில் பார்ட் என்ற நகர ரயில் ஓடத் தொடங்கும் முன்பே, வேலைக்குப் போகிறவர்களில் நூற்றுக்கு 6.3 பேர் அதில் போவார்கள் என்று அவர் குழு கணித்தது. ஓடியபின் எண்ணிப் பார்த்தால் 6.2. மருத்துவத்துக்கு இந்த முறையைக் கொண்டுவந்ததில் ஸ்காட்லாந்தின் அபர்தீன் பல்கலைக்கழகத்து மாண்டி ரையனுக்குப் பெரிய பங்கு உண்டு. குழந்தைப்பேறு சிகிச்சை பற்றி 1999-இல் அவர் வெளியிட்ட ஆய்வைக் கட்டாயம் படியுங்கள். குழந்தை கிடைக்கும் வாய்ப்பு எவ்வளவு என்பதோடு, ஊழியர்கள் நடந்துகொள்ளும் விதம், ஒவ்வொரு தடவையும் அதே ஆட்கள் பார்ப்பது, பிறகு கிடைக்கும் ஆதரவு ஆகியவற்றையும் அவர் அளந்தார்.

சென்னைக்காரர்களுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. 1956-இல் இங்கே தொடங்கிய காசநோய் ஆய்வில், நோயாளிகளில் ஒரு பகுதியினர் சானடோரியத்தில், அதாவது காசநோயாளிகள் தங்கி வைத்தியம் பெறும் மருத்துவமனையில், சேர்க்கப்பட்டார்கள். மற்றவர்கள் வீட்டிலேயே மருந்து சாப்பிட்டார்கள். வீட்டில் இருந்தவர்களுக்கு ஓய்வும் குறைவு, சாப்பாடும் சுமார்தான். ஆனாலும் குணமாவதில் பெரிய வித்தியாசம் இல்லை என்று 1959-இல் முடிவு வந்தது. உலகம் முழுக்கக் காசநோய் வைத்தியத்தையே மாற்றிய ஆய்வு அது. அதை நடத்திய மையம்தான் சேத்துப்பட்டில் இருக்கும் இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்றால், இரண்டு வழியும் ஒரே மாதிரி குணமாக்கும் என்று தெரிந்தபின் மருத்துவர் மட்டும் தீர்மானிக்க அங்கே ஒன்றும் மிச்சமில்லை. எந்த வழியில் போனால் அந்த மனிதரால் வேலைக்குப் போக முடியும், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள முடியும், மருந்தை நிறுத்தாமல் இருக்க முடியும் என்பதுதான் அடுத்த கேள்வி. அதற்குப் பதில் நோயாளியிடம்தான் இருக்கிறது. சுகர் வைத்தியத்தில் இந்த நிலைமை தினமும் வருகிறது.

சரி, உங்கள் ஆய்வுக்கு வருவோம்.

அம்சங்களை நூலகத்தில் உட்கார்ந்து முடிவு செய்யாதீர்கள். பிற நாட்டுக் கட்டுரைகளில் ‘அப்பாயின்ட்மென்ட் கிடைக்க எத்தனை நாள்’ என்று ஒரு அம்சம் இருக்கும். காலையில் வரிசையில் நின்று ஓ.பி. சீட்டு வாங்கும் இடத்தில் அதற்கு என்ன அர்த்தம்? இரண்டு வாரம் ஓ.பி.யில் சும்மா உட்காருங்கள். ஒரு சுகர் நோயாளியின் காலை எப்படிப் போகிறது என்று பாருங்கள். வெறும் வயிற்றில் வந்து ரத்தம் கொடுக்கிறார். பையிலிருந்து டிபன் பாக்ஸை எடுத்து, படிக்கட்டில் உட்கார்ந்து நான்கு இட்லி சாப்பிடுகிறார். அதற்கப்புறம் இரண்டு மணி நேரம் காத்திருந்து மறுபடி ரத்தம். ரிசல்ட்டுக்கு ஒரு வரிசை, டாக்டரைப் பார்க்க ஒரு வரிசை, மாத்திரை வாங்க இன்னொன்று. நீங்கள் ‘காத்திருக்கும் நேரம்’ என்று எழுதினால் இதில் எதை? சாப்பிட்டபின் காத்திருக்கும் இரண்டு மணி நேரத்தை யாராலும் குறைக்க முடியாது. அது பரிசோதனையின் பகுதி. அதையும் சேர்த்துக்கொள்கிறோமா இல்லையா என்று அட்டையிலேயே சொல்லாவிட்டால், ஒவ்வொருவரும் ஒவ்வொரு கணக்கில் பதில் சொல்வார்கள்.

அந்த இரண்டு மணி நேரம் உங்களுக்கு ஒரு வரமும்கூட. ஆள் சாப்பிட்டு முடித்து, எங்கேயும் போக முடியாமல் உட்கார்ந்திருப்பார். நேர்காணலுக்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது. வெறும் வயிற்றில் இருப்பவரிடம் அட்டையை நீட்டாதீர்கள். டாக்டரைப் பார்த்துவிட்டுக் கிளம்புகிறவரையும் பிடிக்காதீர்கள், அவர் மனசு பஸ்ஸில் இருக்கும்.

இப்போது சொற்கள். என் முதல் வினாத்தாளில் நடந்த தவறு இன்னும் உறுத்துகிறது. ஒவ்வொரு முறையும் பழைய டாக்டரே பார்ப்பது என்ற அம்சத்துக்கு ‘ஒரே மருத்துவர்’ என்று எழுதினோம். முப்பது பேரிடம் சோதித்தோம்; ‘ஒரே மருத்துவர்’ இருந்த அட்டையைப் பெரும்பாலானோர் ஒதுக்கிவிட்டார்கள். அடடா, யார் பார்த்தாலும் போதும் என்று நினைக்கிறார்களே, இது பெரிய கண்டுபிடிப்பு என்று நினைத்துவிட்டோம். பிறகு ஒரு பெரியவர்தான் கண்ணைத் திறந்துவிட்டார்: “இவ்ளோ கூட்டத்துக்கு ஒரே டாக்டர வெச்சா எப்படிம்மா முடியும்? நாலு பேராச்சும் வேணாமா?” அவர் படித்தது மிகச் சரி. தமிழில் ‘ஒரே டாக்டர்’ என்றால் ஒருத்தர்தான் இருக்கிறார் என்றும் பொருள். ‘போன தடவை உங்களைப் பார்த்த அதே டாக்டர்’ என்று மாற்றினோம். முடிவு தலைகீழாகிவிட்டது. அந்த முப்பது பேருடைய பதில்களையும் தூக்கி வைத்துவிட்டு மறுபடி தொடங்கினோம்.

ஆங்கிலத்தில் எழுதி, மொழிபெயர்த்து, திரும்ப ஆங்கிலமாக்கிச் சரிபார்க்கும் வழக்கமான முறையில் இந்தத் தவறு அகப்படவே இல்லை. திரும்ப மொழிபெயர்த்தவருக்கு நாம் என்ன சொல்ல வருகிறோம் என்று தெரியும்; அவர் சரியாகவே திருப்பினார். அகப்படுத்த ஒரே வழி, நோயாளியிடம் அட்டையைக் கொடுத்து, “இதுல என்ன சொல்லியிருக்குன்னு உங்க வார்த்தையில சொல்லுங்கம்மா” என்று கேட்டு, குறுக்கே பேசாமல் கேட்பதுதான். வினாத்தாளைத் தமிழிலேயே எழுதுங்கள். எத்திக்ஸ் கமிட்டிக்கு வேண்டுமானால் அதை ஆங்கிலத்தில் பெயர்த்துக் கொடுக்கலாம்.

படங்களிலும் கவனம் வேண்டும். எழுத்தறிவு குறைந்தவர்களுக்காகப் படம் போடுவோம். காலை ஓ.பி.யைக் காட்ட உதிக்கிற சூரியனைப் போட்டால் சென்னையில் அது வேறு ஒன்றைச் சொல்லும். இரண்டு இலையும் அப்படித்தான். அட்டையின் நிறங்களில்கூடக் கட்சிக் கொடியின் சாயல் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் வெளிர் நீலமும் வெளிர் மஞ்சளும் வைத்து, காலைக்குச் சுவர்க்கடிகாரம் போட்டோம். ‘அ’, ‘ஆ’ என்று பெயர் வைத்தால் முதலாவது உயர்ந்தது என்ற எண்ணம் வரும். ‘நீல அட்டை’, ‘மஞ்சள் அட்டை’ என்றே சொல்லலாம். ‘அரசு’, ‘தனியார்’ என்ற சொற்களை அட்டையில் போடாதீர்கள். அந்தச் சொல்லைப் பார்த்ததும் கீழே எழுதியிருக்கும் எதையும் யாரும் பார்க்க மாட்டார்கள், மனசில் இருக்கும் முழுப் படமும் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

பக்கவிளைவு போன்ற அபாயத்தை அளக்கும் ஆய்வாக இருந்தால் ‘5 சதவீதம்’ என்று எழுதுவதால் பயனில்லை. பத்து வரிசை, வரிசைக்குப் பத்து என்று நூறு புள்ளி வையுங்கள், கோலத்துக்கு வைப்பதுபோல. அதில் ஐந்தைச் சிவப்பாக்கி, “உங்களை மாதிரி நூறு பேர் இந்த ஊசி போட்டா, இவங்க அஞ்சு பேருக்கு லோ சுகர் வரும்” என்று சொல்லுங்கள். சின்ன வயதிலிருந்து வாசலில் புள்ளி எண்ணியவர்களுக்கு அது உடனே பிடிபடும்.

ஒரு மாதிரி வடிவத்தை எடுத்துக்கொள்வோம். ஐந்து அம்சங்கள். ஓ.பி.யில் காத்திருக்கும் நேரம், ரத்தப் பரிசோதனைக்கான இரண்டு மணி நேரத்தைச் சேர்க்காமல்: 1, 2, அல்லது 4 மணி. டாக்டர்: போன தடவை பார்த்த அதே டாக்டர், அல்லது அன்றைக்கு யார் இருக்கிறாரோ அவர். சாப்பாடு, மாத்திரை பற்றி நர்ஸ் பத்து நிமிடம் உட்கார்ந்து பேசுவது: உண்டு, இல்லை. எத்தனை நாளுக்கு மாத்திரை: 15, 30, 60. போக்குவரத்து, சாப்பாடு எல்லாம் சேர்த்துக் கைவிட்டுப் போகும் காசு: 50, 150, 300 ரூபாய். இவற்றால் 3×2×2×3×3, அதாவது 108 வெவ்வேறு ஓ.பி.க்களை உருவாக்கலாம். அவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்தால் 5,778 ஜோடிகள். அத்தனையும் யாரிடமும் கேட்க முடியாது, கேட்கவும் தேவையில்லை. அம்சங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளாமல் பிரித்தறியும்படி 16 ஜோடிகளைப் பொறுக்கி எடுக்கப் புள்ளியியலில் வழி இருக்கிறது. ஆர் (R) என்ற இலவச மென்பொருள் அதைச் செய்துதரும். அந்த 16-ஐ இரண்டாகப் பிரித்து, ஆளுக்கு எட்டு கேளுங்கள். எட்டுக்கு மேல் போனால் பெரியவர்கள் களைத்துப் போகிறார்கள்; பத்தாவது அட்டையில் பலர் படிக்காமலே விரலை வைப்பதைப் பார்த்திருக்கிறேன்.

எத்தனை பேர் என்பதற்கு ஒரு கைக்கணக்கு உண்டு: 500-ஐ, ஓர் அம்சத்தில் அதிகபட்சமாக இருக்கும் நிலைகளின் எண்ணிக்கையால் பெருக்கி, ஒருவர் பார்க்கும் ஜோடிகளின் எண்ணிக்கையாலும் ஒரு ஜோடியில் இருக்கும் அட்டைகளாலும் வகுக்க வேண்டும். இங்கே 500×3, வகுத்தல் 8×2, 93.75 வரும். ஆக, குறைந்தது 94 பேர். இது தரைமட்டம்தான். கூலி வேலைக்குப் போகிறவர்களையும் வீட்டில் இருக்கும் பெரியவர்களையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டுமென்றால் ஒவ்வொரு பிரிவிலும் அத்தனை பேர் வேண்டும். நான் 200 என்று வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

ஒவ்வொரு ஜோடியோடும் ‘இரண்டும் வேண்டாம், இப்போது எப்படியோ அப்படியே இருக்கட்டும்’ என்று மூன்றாவது வழியையும் வையுங்கள். அதையே அடிக்கடி எடுப்பவர் உங்களிடம் முக்கியமான ஒன்றைச் சொல்கிறார்.

கணக்கு எப்படி வரும் என்று காட்ட, நானாகப் போட்டுக்கொண்ட எண்களை வைத்துச் சொல்கிறேன். இவை எந்த ஆய்வின் முடிவும் கிடையாது. கண்டிஷனல் லாஜிட் என்ற புள்ளியியல் மாதிரியில் பதில்களைப் போட்டதும் ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பு வரும்; கூட்டல் என்றால் பிடிக்கிறது, கழித்தல் என்றால் பிடிக்கவில்லை, ஒரு மணி நேரக் காத்திருப்புக்கு −0.40, அதே டாக்டருக்கு +0.80, நர்ஸ் பேசுவதற்கு +0.60, நூறு ரூபாய் செலவுக்கு −0.40 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். 0.80-ஐ 0.40-ஆல் வகுத்தால் 2. அதாவது, அதே டாக்டரைப் பார்க்க முடியுமென்றால் இவர்கள் இரண்டு மணி நேரம் கூடுதலாகக் காத்திருக்கத் தயார். இனி நீல அட்டையில் அதே டாக்டர், 3 மணி நேரம், மஞ்சளில் யாரோ ஒரு டாக்டர், 1 மணி நேரம், மற்றதெல்லாம் சமம். நீலத்துக்கு 0.80 − 1.20, அதாவது −0.40. மஞ்சளுக்கும் −0.40. பாதிப் பேர் இதை எடுப்பார்கள், பாதிப் பேர் அதை. இப்போது நீலத்தில் நர்ஸ் பேசும் பத்து நிமிடத்தைச் சேருங்கள். நீலம் 0.60 கூடிவிடுகிறது; அந்த மாதிரியின் சூத்திரப்படி நூற்றுக்கு 65 பேர் நீலத்துக்கு வந்துவிடுவார்கள். டீனிடம் எடுத்துப் போக வேண்டியது இந்த மாதிரி வாக்கியத்தைத்தான்: புது டாக்டர் போட முடியாவிட்டாலும், ஒரு நர்ஸை இந்த வேலைக்கு ஒதுக்கினால் இத்தனை பேருக்கு இந்த ஓ.பி. பிடித்துப்போகும்.

ரூபாயை வைத்தும் இதே கணக்கைப் போடலாம். அதே டாக்டரின் மதிப்பு 200 ரூபாய் என்று வரும். அந்த எண்ணை அரசு மருத்துவமனை ஆய்வில் முன்னால் நிறுத்தாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். யாராவது அதைக் கட்டணம் வைக்கலாம் என்று படித்துவிடுவார்கள். தவிர, கையில் காசில்லாதவர் குறைவான தொகை சொல்வது அவருக்கு டாக்டர் முக்கியமில்லை என்பதால் இல்லை. எல்லாவற்றையும் நேரத்தில் சொல்லுங்கள். டீனுக்கும் அதுதான் எளிதில் புரியும். நேரமும் எல்லோருக்கும் ஒரே விலை இல்லை என்பதை மட்டும் மறக்க வேண்டாம். நான் சொன்ன மீன்காரம்மா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “நாலு மணி நேரம் குந்தினா அன்னிக்கு யாவாரம் போச்சு கண்ணு. டாக்டரு யாரா இருந்தா இன்னா?” பக்கத்திலேயே இருந்த ஓய்வுபெற்ற மில் தொழிலாளி, நேரம் எவ்வளவு ஆனாலும் அதே டாக்டர்தான் வேண்டும் என்று எட்டு ஜோடியிலும் சொன்னார். இருவரையும் கூட்டிச் சராசரி எடுத்தால் இருவருக்குமே பொருந்தாத ஒரு ஓ.பி. கிடைக்கும். அதனால்தான் லேட்டன்ட் கிளாஸ் என்ற முறையில், ஒரே மாதிரி தேர்ந்தெடுப்பவர்களைக் குழுக்களாகப் பிரித்துப் பார்க்கிறோம்.

தீசிஸ்களில் அடிக்கடி பார்க்கும் தவறு ஒன்று. ‘காத்திருப்பு 40 சதவீதம் முக்கியம், செலவு 30 சதவீதம் முக்கியம்’ என்று வட்டப்படம் போடுவார்கள். அந்தச் சதவீதம் நீங்கள் வைத்த நிலைகளைப் பொறுத்தது. மேலே உள்ள எண்களில் நேரம் 1-லிருந்து 4 மணிவரை போவதால் அதன் வீச்சு, அதாவது மதிப்பு மாறும் மொத்த அளவு, 3 × 0.40 = 1.20, செலவு 50-லிருந்து 300 ரூபாய்வரை போவதால் அதன் வீச்சு 1.00. ஆகவே நேரம் பெரிது. அதே நோயாளிகள், அதே மனசு. ஆனால் நீங்கள் நேரத்தை 1-லிருந்து 2 மணிவரை மட்டும் வைத்திருந்தால் வீச்சு 0.40 ஆகி, செலவுதான் பெரிது என்று எழுதியிருப்பீர்கள். எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்கு என்று சொல்லாமல் ‘முக்கியம்’ என்ற சொல்லையே எழுதாதீர்கள்.

யோசிக்காமல் பதில் சொல்கிறார்களா என்று பார்க்க, எல்லா வகையிலும் ஒன்று மற்றதைவிட மேலாக இருக்கும் ஒரு ஜோடியை நடுவில் வைப்பது வழக்கம். அதில் ‘தவறாக’ச் சொன்னவர்களைக் கணக்கிலிருந்து நீக்க அவசரப்பட வேண்டாம். ஒரு அம்மா, எல்லாம் சமமாக இருக்க, கூடுதல் நேரம் ஆகும் அட்டையை எடுத்தார். ஏன் என்று கேட்டேன். “சீக்கிரம் முடிஞ்சிடுச்சுன்னா சரியா பாக்கலைன்னு அர்த்தம்.” அவர் நன்றாக யோசித்துத்தான் சொன்னார். நேரம் என்ற அம்சத்துக்குள் கவனிப்பையும் சேர்த்துப் படித்திருக்கிறார். தவறு என்னுடையது, ‘டாக்டர் உங்களோடு செலவிடும் நேரம் இரண்டிலும் ஒன்றுதான்’ என்று அட்டையில் சொல்லியிருக்க வேண்டும்.

நம் ஊரில் நோயாளி தனியாக வருவதில்லை. அம்மாவிடம் கேட்டால் மகள் பதில் சொல்வார், மாமியாரிடம் கேட்டால் மருமகள். கூட வந்தவரை விரட்டவும் கூடாது. வீட்டில் சமைப்பதும் மாத்திரை எடுத்துக் கொடுப்பதும் அவர்தான். நாங்கள் செய்வது, இரண்டு ஆய்வாளர்கள் போய், கூட வந்தவரிடம் தனியாக அதே அட்டைகளைக் கேட்பது. இரண்டு பதில்களையும் ஒப்பிட்டுப் பார்த்தாலே தனிக் கட்டுரை எழுதலாம். இன்னொரு தடை, ‘நீங்க சொன்னா சரிதான் மேடம்’. வெள்ளைக் கோட்டைக் கழற்றிவிட்டுப் போங்கள், டாக்டர் அறைக்குள் கேட்காதீர்கள், பதிலால் மருந்தோ வைத்தியமோ மாறாது என்பதைத் தொடக்கத்திலேயே நிதானமாகச் சொல்லுங்கள். “எனக்குப் பரீட்சை இல்லம்மா, உங்களுக்கும் இல்ல. ரெண்டு ஓ.பி. இருக்கு, நீங்க எங்க போவீங்க?” என்று ஆரம்பித்தால் பெரும்பாலும் இறுக்கம் தளர்ந்துவிடும்.

இதெல்லாம் எங்காவது பயன்பட்டிருக்கிறதா என்று தேர்வாளர்கள் கேட்பார்கள். 2015 ஜனவரியில், மருந்துகளுக்கும் கருவிகளுக்கும் அனுமதி தரும் அமெரிக்க அமைப்பான எஃப்.டி.ஏ., உடல்பருமனுக்கான ஒரு கருவியை அனுமதித்தபோது, எவ்வளவு எடை குறைந்தால் எவ்வளவு அபாயத்தை ஏற்பீர்கள் என்று நோயாளிகளிடம் நடத்திய இப்படிப்பட்ட ஆய்வையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. 2016-இல் அதற்கான வழிகாட்டுதலையும் வெளியிட்டது. நம் நாட்டில், கிராமத்துக்கு வேலைக்குப் போக டாக்டர்களும் நர்ஸ்களும் எதை எதிர்பார்க்கிறார்கள் என்று ஆந்திராவிலும் உத்தராகண்டிலும் நடந்த டி.சி.இ. 2013-இல் வெளிவந்தது. வழிகாட்டியாக ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் மருத்துவப் பொருளாதார ஆய்வாளர்களின் சர்வதேச அமைப்பான இஸ்போர் (ISPOR) 2011-இல் வெளியிட்ட பத்து அம்சச் சரிபார்ப்புப் பட்டியலை எடுங்கள். தேர்வாளர்களும் அதை வைத்துத்தான் கேட்பார்கள்.

உங்கள் ஆய்வில் ஒரு கேள்வியைச் சேர்க்க முடிந்தால் நான் மிகவும் சந்தோஷப்படுவேன். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர், பி.பி. மாத்திரை வீட்டுக்கே வருகிறது. உங்கள் ஓ.பி. வரிசையில் நிற்கும் பலருக்கு அது தெரிந்திருக்கும். தெரிந்தும் ஏன் இங்கே வருகிறார்கள்? மாத்திரை வீட்டுக்கு வந்தால் டாக்டரைப் பார்ப்பதை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்று குறைத்துக்கொள்ளத் தயார்? ‘எத்தனை நாளுக்கு மாத்திரை’ என்ற அம்சத்தை எடுத்துவிட்டு ‘மாத்திரை எங்கே கிடைக்கிறது, டாக்டரை எப்போது பார்க்கிறீர்கள்’ என்று இரண்டாக்கினால் போதும். 1956-இல் சானடோரியமா வீடா என்று இந்த ஊரில் கேட்ட கேள்வியின் தொடர்ச்சிதான் அது, இந்தத் தடவை பதிலை நோயாளியிடமிருந்தே வாங்குகிறோம்.

கால அட்டவணை பற்றி ஒரு வார்த்தை. அக்டோபர் முதல் டிசம்பர்வரை களப்பணி வைக்காதீர்கள். மழையில் முழங்கால் தண்ணீரில் வந்தவர் போக்குவரத்துச் செலவைப் பற்றிச் சொல்லும் பதில் மார்ச்சில் சொல்வதாக இருக்காது. இப்போதிலிருந்து எத்திக்ஸ் அனுமதி, ஓ.பி.யில் உட்காருவது, அட்டை எழுதுவது என்று போனால் பொங்கல் முடிந்து தொடங்கச் சரியாக இருக்கும். அதற்கு முன் இருபது பேரிடம் அட்டையைக் கொடுத்து அவர்கள் வார்த்தையில் சொல்லச் சொல்லுங்கள். அந்த இருபதில் ஏழெட்டுப் பேராவது எழுதப் படிக்கத் தெரியாதவர்களாக இருக்கட்டும். அவர்கள் சொன்னதை அப்படியே எழுதி வைத்துக்கொண்டு, அட்டைகளோடு அனுப்புங்கள். ஒவ்வொரு சொல்லாக உங்களோடு உட்கார்ந்து பார்க்கிறேன்.